ஆறே டெஸ்ட்கள்: இந்தியாவின் முதல் பந்தை வீசிய முஹம்மது நிஸார்

இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் கிரிக்கெட் ஆட்டம் நெருங்கினால், நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு ஒரு சங்கடம் வந்துவிடுகிறது. பள்ளியிலோ கல்லூரியிலோ வேலை செய்யும் இடத்திலோ யாராவது சிரித்துக்கொண்டே கேட்பார்கள்: "நீ எந்தப் பக்கம்?" கேட்பவருக்கு அது வேடிக்கை. கேட்கப்படுகிற பிள்ளைக்கு அப்படி இல்லை. வகுப்பில் வேறு யாரிடமும் கேட்கப்படாத கேள்வி தன்னிடம் மட்டும் ஏன் கேட்கப்படுகிறது என்று அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து யோசிக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டிய பெயர் ஒன்று உண்டு: முஹம்மது நிஸார். இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டத்தில், இந்தியாவுக்காக முதல் பந்தை வீசியவர் அவர். இந்தியாவின் முதல் டெஸ்ட் விக்கெட்டை எடுத்தவரும், ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்த முதல் இந்தியரும் அவரே. அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் மொத்தம் ஆறு. 26 வயதில் அவருடைய சர்வதேச வாழ்க்கை முடிந்துவிட்டது. இந்தியாவிலும் இன்று அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு, பாகிஸ்தானிலும் குறைவு. அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

லார்ட்ஸ், 1932 ஜூன் 25

முஹம்மது நிஸார் 1910 ஆகஸ்ட் 1 அன்று பஞ்சாபின் ஹோஷியார்பூரில் பிறந்தார். நல்ல உயரம், அகன்ற தோள்கள், கனத்த உடல்வாகு. ஓடி வந்து உடலின் முழு பலத்தையும் பந்தில் இறக்கும் வீச்சாளர். 1932இல் இந்திய அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை.

இந்தியாவில் கிரிக்கெட் வாரியம் தொடங்கப்பட்டதே 1928இல்தான். நான்கே ஆண்டுகளில் இங்கிலாந்துக்கு எதிராக, லார்ட்ஸ் மைதானத்தில், ஒரே ஒரு டெஸ்ட் ஆட வாய்ப்பு கிடைத்தது. சுற்றுப்பயணத்தின் தலைவராக அனுப்பப்பட்டவர் போர்பந்தர் மகாராஜா. தம்மைவிடத் திறமையானவர்கள் ஆடட்டும் என்று அவர் விலகிக்கொள்ள, சி.கே. நாயுடு அணியை வழிநடத்தினார்.

அன்று களமிறங்கிய பதினொரு பேரின் பட்டியல் ஒரு பாடம் போன்றது. நாயுடு, அமர்சிங், நவ்லே, கராச்சியைச் சேர்ந்த நவ்மல் ஜவ்மல் ஆகியோர் இந்துக்கள். கோலாவும் பாலியாவும் பார்சிகள். லால் சிங் கோலாலம்பூரில் பிறந்த சீக்கியர். வஸீர் அலி, அவருடைய தம்பி நஸீர் அலி, ஜஹாங்கீர் கான், முஹம்மது நிஸார் ஆகிய நால்வரும் முஸ்லிம்கள். இந்தியாவின் முதல் டெஸ்ட் அணியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முஸ்லிம்கள்.

முதலில் மட்டை பிடித்தது இங்கிலாந்து. தொடக்க வீரர்கள் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் பெர்சி ஹோம்ஸும். இவர்கள் யார் என்று தெரிந்தால்தான் நிஸார் செய்ததன் எடை புரியும். பத்து நாட்களுக்கு முன்புதான் யார்க்‌ஷயர் அணிக்காக இந்த இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 555 ரன் குவித்திருந்தார்கள். அதில் சட்கிளிஃப் மட்டும் 313. அன்றைய உலகத்திலேயே அசைக்க முடியாத ஜோடி என்று பேசப்பட்டவர்கள். எதிரே புத்தம்புது அணி ஒன்றின் 21 வயது இளைஞர்.

சட்கிளிஃப் 3 ரன்னில் போல்டு. அணியின் கணக்கு அப்போது 8. சற்று நேரத்தில் ஹோம்ஸும் 6 ரன்னில் போல்டு. இரண்டு விக்கெட்டும் நிஸாருக்கு. குழப்பத்தில் ஓடிய ஃபிராங்க் வூலியை லால் சிங் ரன் அவுட் ஆக்கினார். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட். இந்தியர்களை விருந்தாளிகளாக வரவேற்றுக் கைதட்ட வந்திருந்த கூட்டம், இது வேறு மாதிரியான ஆட்டம் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

அதன் பிறகு கேப்டன் டக்ளஸ் ஜார்டின் 79 ரன் எடுத்து அணியைக் காப்பாற்றினார். 65 ரன் எடுத்திருந்த விக்கெட் கீப்பர் லெஸ் ஏம்ஸையும் நிஸார்தான் போல்டு ஆக்கினார். இங்கிலாந்து 259 ரன்னில் சுருண்டது. நிஸாரின் கணக்கு 93 ரன்னுக்கு 5 விக்கெட்.

ஆட்டத்தில் வென்றது இங்கிலாந்துதான், 158 ரன் வித்தியாசத்தில். பீல்டிங்கில் நாயுடுவின் கை அடிபட்டது. மட்டை வீச்சில் அனுபவம் போதவில்லை. ஆனால் பந்துவீச்சில் இந்தியா தாழ்ந்து போகவில்லை. அந்தச் சுற்றுப்பயணத்தின் முதல்தர ஆட்டங்களில் மட்டும் நிஸார் 71 விக்கெட் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த சராசரி 18 ரன்தான். வேகத்தால் எதிரணியை மிரட்டுவது வெள்ளையர்களுக்கே உரிய கலை என்ற எண்ணம் இருந்த காலம் அது. அடுத்த குளிர்காலத்தில் இதே ஜார்டின்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போய், உடலைக் குறிவைத்து வீசும் 'பாடிலைன்' தந்திரத்தால் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். அதில் முதன்மை ஆயுதமாக இருந்தவர் ஹெரால்ட் லார்வுட். முதல் சில ஓவர்களில் நிஸார் அந்த லார்வுட்டைவிட வேகமானவர் என்று நாயுடு கருதியதாகக் கிரிக்கெட் எழுத்தாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

நிஸார், அமர்சிங்: ஒரு ஜோடி

வேகப்பந்து வீச்சாளர் தனி ஆளாக வெல்வது அரிது. மறுமுனையிலிருந்து வீசுபவர் தளர்ந்தால், மட்டையாளர் அங்கே மூச்சு வாங்கிக்கொள்வார். நிஸாருக்கு மறுமுனையில் அமைந்தவர் ராஜ்கோட்டைச் சேர்ந்த அமர்சிங். நிஸார் அதிவேகம், அமர்சிங் மிதவேகம். நிஸாரின் பந்து காற்றில் வளைந்து உள்ளே வரும். அமர்சிங்கின் பந்து தரையில் பட்ட பிறகு வேகம் கூடியதுபோல எகிறும். ஒருவர் பஞ்சாபி முஸ்லிம், மற்றவர் கத்தியவார் இந்து. இரண்டு வெவ்வேறு பாணிகள் ஒரே நோக்கத்துக்காக இரண்டு முனைகளிலிருந்து வேலை செய்தன.

1936 ஜூனில் மறுபடியும் லார்ட்ஸ். இந்தியா 147 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. ஆட்டம் அதோடு முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். அமர்சிங் 35 ரன்னுக்கு 6, நிஸார் 36 ரன்னுக்கு 3. இங்கிலாந்து 134இல் சுருண்டது! இங்கிலாந்து மண்ணில் முதல் இன்னிங்ஸில் 13 ரன் முன்னிலை. அடுத்த இன்னிங்ஸில் இந்தியா 93க்கு விழுந்துவிட, கையில் இருந்த வாய்ப்பு நழுவியது.

அந்த 1936 சுற்றுப்பயணம் வெளியில் தோற்றதைவிட உள்ளுக்குள் தோற்றதே அதிகம். ஆட்டத்திறனால் அல்லாமல் செல்வாக்கால் கேப்டன் ஆனவர் விஜயநகரம் மகாராஜகுமார். அணியின் சிறந்த வீரர்களில் ஒருவரான லாலா அமர்நாத், முதல் டெஸ்ட்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இப்படிப் பிளவுபட்டிருந்த அணிக்காகத்தான் நிஸார் மூன்று டெஸ்ட்களிலும் ஓடி ஓடி வீசினார்.

கடைசி டெஸ்ட் ஆகஸ்ட் 15 அன்று ஓவல் மைதானத்தில் தொடங்கியது. வால்டர் ஹேமண்ட் 217, வொர்திங்டன் 128 என்று இந்தியாவைத் துவைத்தெடுத்தார்கள். அந்த இன்னிங்ஸிலும் நிஸார் 120 ரன்னுக்கு 5 விக்கெட். தொடக்கம் லார்ட்ஸில் ஐந்து, முடிவு ஓவலில் ஐந்து. நடுவில், 1933 டிசம்பரில் பம்பாயில் நடந்த இந்திய மண்ணின் முதல் டெஸ்ட்டிலும் 90 ரன்னுக்கு ஐந்து. ஆறு டெஸ்ட்கள், 25 விக்கெட்டுகள். அவ்வளவுதான் கணக்கு.

சென்னைக்கு ஒரு நூல்

1934 ஜனவரியில் கல்கத்தாவில் நிஸார் ஆடிய டெஸ்ட்டில், சென்னையின் எம்.ஜே. கோபாலனும் வேகப்பந்து வீச்சாளராக இடம்பெற்றார். அவருக்கு அதுவே முதல் டெஸ்ட், அதுவே கடைசி. அதே ஆண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் இந்தக் கோபாலனே. அவர் ஹாக்கியிலும் சிறந்த வீரர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போவதா, இங்கிலாந்து கிரிக்கெட் சுற்றுப்பயணத்துக்குப் போவதா என்ற நிலையில் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். பெர்லினில் இந்தியா தங்கம் வென்றது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

ஆக, குறுகிய சர்வதேச வாழ்க்கை என்பது நிஸாருக்கு மட்டும் வாய்த்த விதி அல்ல. அன்றைய இந்திய வீரர்கள் எல்லோருக்கும் பொதுவான நிலை.

ஏன் இவ்வளவு சீக்கிரம்?

வேகப்பந்து வீச்சாளர்களின் வாழ்க்கை குறுகுவதற்கு வழக்கமான காரணம் உடல்தான். பந்தை விடும் அந்த ஒரு கணத்தில், முன்காலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் இறங்குகிறது. முதுகு ஒரே நேரத்தில் வளையவும் திரும்பவும் வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது கீழ்முதுகு எலும்பில் விரிசல் விடுகிறது. பாகிஸ்தானின் முஹம்மது ஸாஹித் இதற்கு ஓர் உதாரணம். 1996இல் ராவல்பிண்டியில் தம் முதல் டெஸ்ட்டிலேயே நியூசிலாந்துக்கு எதிராக 11 விக்கெட் எடுத்தார். முதுகுக் காயம் அவரை ஐந்து டெஸ்ட்களோடு நிறுத்திவிட்டது.

நிஸாரின் கதை அப்படியானது அல்ல. அவர் உடல் முதலில் கைவிடவில்லை, காலம்தான் கைவிட்டது.

1932 முதல் 1936 வரை இந்தியா ஆடிய டெஸ்ட்கள் மொத்தமே ஏழு. 1932இல் ஒன்று, 1933-34இல் மூன்று, 1936இல் மூன்று. அதில் நிஸார் ஆடாதது ஒன்றே ஒன்று: 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த சென்னையின் முதல் டெஸ்ட். இந்தக் காலத்து வீரர் ஒருவர் ஒரே ஆண்டில் ஆடுகிற டெஸ்ட்களைக்கூட, அவருக்கு ஐந்து ஆண்டுகளில் கொடுக்க முடியவில்லை. 1939-40 குளிர்காலத்தில் வருவதாக இருந்த இங்கிலாந்து அணியின் பயணம் இரண்டாம் உலகப் போரால் ரத்தானது. இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946இல். அப்போது நிஸாருக்கு வயது 35. அமர்சிங் உயிரோடு இல்லை. 1940 மே மாதம் நிமோனியா காய்ச்சலில் 29 வயதிலேயே இறந்துவிட்டார்.

பத்து ஆண்டுகள்! ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு 26 முதல் 36 வரையிலான வயதுதான் விளைச்சல் காலம். நிஸாருக்கு அந்த நிலம் முழுவதும் தரிசாகக் கிடந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. ரஞ்சிக் கோப்பையில் தெற்குப் பஞ்சாப் அணிக்கும் பிறகு உத்தரப் பிரதேசப் பகுதி அணிக்கும் ஆடினார். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 396 விக்கெட்டுகள், சராசரி 17.70. இந்த எண்ணைப் பார்த்தால்தான் டெஸ்ட் கணக்கில் உள்ள 25 எவ்வளவு சிறிய சன்னல் என்று தெரியும்.

இரண்டு அணிகளில் ஒரே மனிதர்

அந்தக் காலத்துக் கிரிக்கெட்டில் இன்னொரு முகமும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. பம்பாயில் நடந்த புகழ்பெற்ற போட்டியில் அணிகள் மதத்தின் பெயரால் பிரிக்கப்பட்டிருந்தன: ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள். பிறகு மற்றவர்கள் என்று ஐந்தாவது அணியும் சேர்ந்தது. 1934, 1935 ஆண்டுகளில் கோப்பையை வென்றது முஸ்லிம்கள் அணி. நிஸார் முஸ்லிம்கள் அணிக்கு ஆடியவர். அங்கே எதிரணியில் நின்ற அதே இந்து வீரர்களோடு சேர்ந்துதான் இந்திய அணிக்காகவும் வீசினார். பம்பாயில் எதிரெதிர் அணி, லார்ட்ஸில் ஒரே அணி. அவருக்கு அதில் முரண்பாடு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் நாட்டில் காற்று மாறிக்கொண்டிருந்தது. மதத்தின் பெயரால் அணி பிரித்து விளையாடுவதை காந்தி 1940இல் வெளிப்படையாக எதிர்த்தார். 1946க்குப் பிறகு அந்தப் போட்டி நடக்கவில்லை. அடுத்த ஆண்டு நாடே பிரிந்தது.

பிரிந்த பதினொருவர்

ஹோஷியார்பூர் இந்தியப் பஞ்சாபில் அமைந்தது. நிஸார் லாகூருக்குப் போனார். லார்ட்ஸ் பதினொருவரில் இருந்த மற்ற மூன்று முஸ்லிம்களின் வாழ்வும் எல்லைக்கு அப்பால்தான் முடிந்தது. வஸீர் அலி 1950இல் கராச்சியில் இறந்தார். நஸீர் அலியும் ஜஹாங்கீர் கானும் பாகிஸ்தானில் வாழ்ந்தார்கள். ஜஹாங்கீர் கானின் மகன்தான் பிற்காலத்தில் பாகிஸ்தானுக்கு ஆடிய மஜீத் கான். மறுபுறம், கராச்சியில் வளர்ந்த நவ்மல் ஜவ்மலின் கடைசிக் காலம் பம்பாயில் கழிந்தது.

எல்லோரும் போய்விடவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இந்தூரின் சையத் முஷ்தாக் அலி இங்கேயே வாழ்ந்தார். 1936இல் மான்செஸ்டரில் 112 ரன் எடுத்து, வெளிநாட்டு மண்ணில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியர் அவர். இன்று இந்திய மாநில அணிகள் ஆடும் இருபது ஓவர் போட்டிக்கு அவர் பெயர்தான்.

பிரிவினை கிரிக்கெட்டில் என்ன செய்தது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 1967இல் பர்மிங்ஹாமில் இந்தியாவுக்காகப் புதுப்பந்தை வீசத் தொடங்கியவர்களில் ஒருவர் புதி குந்தரன். அவர் ஒரு விக்கெட் கீப்பர்! உண்மையான வேகப்பந்து வீச்சாளருக்கு அவ்வளவு பஞ்சம். அந்தப் பஞ்சம் தீர 1978இல் கபில்தேவ் வர வேண்டியிருந்தது. அந்தக் கபில்தேவின் பெற்றோர் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக இந்தியா வந்தவர்கள். நிஸார் இங்கிருந்து அங்கே போனார். கபிலின் குடும்பம் அங்கிருந்து இங்கே வந்தது. ஒரே மண்ணின் பிள்ளைகள்.

நிஸார் இந்தியாவின் வெற்றி ஒன்றையும் களத்தில் நின்று பார்க்கவில்லை. அவர் ஆடிய ஆறு டெஸ்ட்களில் நான்கு தோல்வி, இரண்டு சமன். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது 1952 பிப்ரவரியில், நம் சேப்பாக்கத்தில். அன்று முதல் பந்தை வீசியவர் வேறு நாட்டின் குடிமகனாகியிருந்தார். 1963 மார்ச் 11 அன்று 52 வயதில் லாகூரில் அவர் மறைந்தார்.

அவர் பெயரில் ஒரு கோப்பை

2006இல் இரு நாட்டுக் கிரிக்கெட் வாரியங்களும் நல்ல காரியம் ஒன்றைச் செய்தன. இந்தியாவின் ரஞ்சிக் கோப்பை வென்ற அணியும் பாகிஸ்தானின் காயிதே ஆஸம் கோப்பை வென்ற அணியும் ஆண்டுதோறும் மோத வேண்டும். அந்தப் போட்டிக்கு முஹம்மது நிஸார் கோப்பை என்று பெயர். முதல் ஆண்டு தர்மசாலாவில் சியால்கோட்டை உத்தரப் பிரதேசம் வென்றது. அடுத்த ஆண்டு கராச்சியில் மும்பை கோப்பையை எடுத்தது. 2008 செப்டம்பரில் டெல்லியில் மூன்றாவது ஆட்டம். அந்த ஆண்டு நவம்பரில் மும்பை பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. உறவு அறுந்தது. நிஸார் கோப்பையும் மூன்றே ஆட்டங்களோடு நின்றுபோனது. அவருடைய சர்வதேச வாழ்க்கை நின்றது போலவே.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

2021 அக்டோபரில் உலகக் கோப்பை இருபது ஓவர் ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றது. பதினொரு பேரும் சேர்ந்து தோற்ற அந்த ஆட்டத்துக்கு, முஹம்மது ஷமியைத் தனியே குறிவைத்து அவருடைய மதத்தைச் சொல்லி இணையத்தில் வசை பாடினார்கள். கேப்டன் விராட் கோலி அதை வெளிப்படையாகக் கண்டித்து, ஷமியின் பக்கம் நின்றார். 2025 ஆகஸ்டில், நிஸார் கடைசியாக ஐந்து விக்கெட் எடுத்த அதே ஓவல் மைதானத்தில், முஹம்மது சிராஜ் ஐந்து விக்கெட் எடுத்து ஆறு ரன்னில் இந்தியாவை வெற்றி பெற வைத்தார். அன்று நாடே அவரைக் கொண்டாடியது.

வென்றால் கொண்டாடுவதும் தோற்றால் சந்தேகிப்பதும் நியாயமல்ல. அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் நம் பிள்ளைகள் தங்களை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியதும் இல்லை. இந்திய டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் பந்திலிருந்தே நாம் இருக்கிறோம். யாரும் அழைத்து உள்ளே விட்ட விருந்தாளிகள் அல்ல.

அதே நேரத்தில் நிஸாரை 'நம்ம ஆள்' என்று மட்டும் சுருக்கிப் பெருமை பேசினால், அவருக்கு நாமும் அநீதி செய்தவர்கள் ஆவோம். நாயுடு அவர் கையில் பந்தைக் கொடுத்தார். மறுமுனையில் அமர்சிங் வீசினார். லால் சிங் ஓடிப்போய் ரன் அவுட் செய்தார். 19 ரன்னுக்கு 3 விக்கெட் என்ற அந்தக் கணக்கில் எல்லோருடைய வியர்வையும் இருக்கிறது.

நம் இளைஞர்களில் பலர் வாய்ப்பு வரவில்லை என்று சோர்ந்துபோவதைப் பார்க்கிறோம். நிஸாருக்குக் கிடைத்தது ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆட்டங்கள். எத்தனை ஆட்டம் கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. கிடைத்த ஆட்டத்தில் எப்படி வீசுவது என்பது அவர் கையில் இருந்தது. ஆறில் மூன்று முறை ஐந்து விக்கெட் எடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த இந்தியா - பாகிஸ்தான் ஆட்டத்துக்கு முன்பு, வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். "நீ எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டால், கோபப்படாமல், கூனிக் குறுகாமல், அவர்கள் திருப்பிக் கேட்கட்டும்: "இந்தியாவுக்கு முதல் விக்கெட் எடுத்தவர் யார் தெரியுமா?"

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருக்கு அருள் புரிவானாக.